ஊரே ஒரு கம்பெனி: ஸ்கோஷியா பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல ஸ்கோஷியான்னு ஒரு சின்ன ஊரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். கலிஃபோர்னியாவோட வடக்கு மூலையில, ஹம்போல்ட் கவுண்டியில, ஈல் ஆத்தங்கரையில இருக்கற ஊர் அது. ரெட்வுட் மரம் அறுக்கறதுக்காகவே பசிபிக் லம்பர்னு ஒரு கம்பெனி கட்டினது, நூறு வருஷத்துக்கு மேல அந்த ஊர்ல வீடு, கடை, தியேட்டர், தண்ணிக்குழா எல்லாமே அந்த ஒரு கம்பெனிக்கு சொந்தமா இருந்துச்சு. இவ்வளவு கேள்வி வரும்னு நான் நினைக்கல. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து, முடிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: ஊர் முழுக்க கம்பெனிக்கு சொந்தம்னு எழுதியிருந்தீங்க. குவார்ட்டர்ஸ் மாதிரியா சார்? இல்ல அதுக்கும் மேலயா?
(வாசகர், திருச்சி)

அதுக்கும் மேல. குவார்ட்டர்ஸ்னா காம்பவுண்டுக்கு வெளிய ஒரு ஊர் இருக்கும், வெளிய வந்தா வேற கடை இருக்கும், வேற டாக்டர் இருப்பாரு. கம்பெனி காலத்து ஸ்கோஷியாவுல காம்பவுண்டே ஊர்தான். நீங்க மில்லுல வேலைக்கு சேர்றீங்க, கம்பெனி உங்களுக்கு ஒரு மரவீடு வாடகைக்கு குடுக்குது, அந்த வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறது கம்பெனி, கூரை ஒழுகினா ஆள் அனுப்பறது கம்பெனி, சாயந்திரம் சினிமா பார்க்கப் போற வினீமா தியேட்டர் கம்பெனி கட்டினது, ராத்திரி தெருவிளக்கு எரியறது கம்பெனி கரண்ட்ல. மேயர் கிடையாது, நகரசபை கிடையாது. ஒருத்தர் வேலையை விட்டுட்டா வீட்டையும் காலி பண்ணணும். சொந்தமா ஒரு சதுர அடி நிலம் யாருக்கும் இல்ல.

சுமார் 270 வீடு, ஏழெட்டு நூறு ஜனம், அவ்வளவுதான் ஊர். சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து 101 நெடுஞ்சாலையில வடக்க 250 மைல் போகணும். கம்பெனி ஆரம்பிச்சது 1863ல, ஆனா இந்த இடத்துல மில்லும் ஊரும் எழும்பினது 1880கள்ல. 1914ல தான் தெற்க சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல இருந்து வர்ற ரயில் பாதை முழுசா இணைஞ்சுது, அது வரைக்கும் அறுத்த பலகை எல்லாம் கடற்கரைக்குப் போய் கப்பல் ஏறித்தான் போச்சு. அப்படி ஒதுங்கிக் கிடந்த இடத்துக்கு ஆள் வரணும், வந்த ஆள் குடும்பத்தோட தங்கணும்னா, கம்பெனி ஊரைக் கட்டித்தான் ஆகணும். மொதல்ல அது தயவு இல்ல, தேவை. தயவுங்கறது அப்புறம் வந்து சேர்ந்துச்சு, அதைக் கீழ சொல்றேன்.

கேள்வி: ஸ்கோஷியாங்கற பேர் எப்படி வந்துச்சு?
(வாசகி, டொராண்டோ)

உங்க கனடாவுல இருந்து போன பேர்தான். மொதல்ல ஊர் பேர் ஃபாரஸ்ட்வில். அதே பேர்ல கலிஃபோர்னியாவுலயே இன்னொரு ஊர் இருக்கு, அதனால 1888ல பேரை மாத்துனாங்க. அப்ப மில்லுலயும் காட்டுலயும் வேலை பார்த்தவங்கள்ல நிறைய பேர் நோவா ஸ்கோஷியா பக்கத்துல இருந்து வந்த மரம்வெட்டிங்க, அவங்க ஊர் பேரே நிலைச்சுடுச்சு.

கேள்வி: ரெட்வுட்ல அப்படி என்ன இருக்கு? எல்லா மரமும் மரம்தானே. அவ்வளவு பெரிய மரத்தை மெஷின் இல்லாத காலத்துல எப்படி சாய்ச்சாங்க?
(மரக்கடை வச்சிருக்கும் வாசகர், செங்கோட்டை)

மரக்கடைக்காரர் நீங்க, உங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லலாம், வைரம் பாஞ்ச மரம். ரெட்வுட்டோட உள்கட்டை செக்கச்செவேல்னு இருக்கும், கரையான் லேசுல அண்டாது, ஈரத்துல கிடந்தாலும் சீக்கிரம் மக்காது, நேர் ரேகை, கணு கம்மி. அதனாலதான் ரயில் ஸ்லீப்பர், தண்ணித் தொட்டி, ஒயின் பீப்பா, கூரை ஓடு, திராட்சைத் தோட்டத்து முளைன்னு மண்ணையும் தண்ணியையும் தொடுற வேலைக்கெல்லாம் அதைத் தேடிப் பிடிச்சாங்க. பட்டை ஒரு அடி கனம் வரைக்கும் இருக்கும், தொட்டுப் பார்த்தா தேங்கா நார் மாதிரி மெத்துனு இருக்கும், அந்தப் பட்டை இருக்கறதால தீயில கூட நிறைய மரம் தப்பிச்சுடும். உலகத்துலயே உயரமான மரம் இந்த இனம்தான், 115 மீட்டருக்கு மேல ஒரு மரம் இதே வடக்குக் கடலோரத்துல இப்பவும் நிக்குது. ரெண்டாயிரம் வருஷம் தாண்டின மரங்களும் இருக்கு.

சாய்ச்ச விதம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். பழைய அடிக்கட்டை ஒண்ணு பக்கத்துல போய் நின்னு பாருங்க, உங்க தலை உயரத்துக்கும் மேல பக்கத்துக்கு ஒண்ணா வாய் திறந்த மாதிரி பொந்து வெட்டியிருக்கும். பறவை பண்ணது இல்ல. கீழ வேர் கிட்ட மரம் ரொம்ப அகலமா, ரேகை முறுக்கி இருக்குமா, அங்க ரம்பம் போட்டா நாள் கணக்குல இழுக்கணும், அதனால மேல ஏறி வெட்டுவாங்க. அந்தப் பொந்துல பலகையோட இரும்பு முனையை சொருகி, பலகை மேல ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு, ரெண்டு பேர் சேர்ந்து நீள ரம்பம் இழுப்பாங்க. கால் வழுக்கினா கீழ. நான் பார்த்த ஒரு கட்டையில அந்தப் பொந்துக்குள்ள பெரணிச் செடி முளைச்சு தொங்கிட்டு இருந்துச்சு, கையை உள்ள விட்டேன், கோடாலி விழுந்த தடம் நூறு வருஷம் கழிச்சும் விரலுக்குத் தட்டுப்படுது. யார் வெட்டினதோ. ரொம்ப நேரம் அங்கயே நின்னேன்.

இன்னொண்ணு, ரெட்வுட் பிரம்மாண்டமான மரம் ஆனா நொறுங்கற மரம், அவ்வளவு உயரத்துல இருந்து மேடு பள்ளத்துல விழுந்தா சில்லு சில்லா போயிடும். அதனால விழப்போற பாதை பூரா கிளையும் மண்ணும் பரப்பி மெத்தை போட்டு அதுமேல சாய்ப்பாங்க. மெத்தை போடற வேலை சில சமயம் மரம் அறுக்கற வேலையை விடப் பெருசு. சாய்ச்ச தடியை மொதல்ல காளைங்க இழுத்துச்சு. 1881ல யுரேகாவுல, அதாவது ஸ்கோஷியாவுல இருந்து கொஞ்ச தூரத்துல, ஜான் டால்பீர்னு ஒரு மரவியாபாரி நீராவி இஞ்சின்ல கயிறு சுத்தி தடியை இழுக்கற மெஷினைக் கண்டுபிடிச்சாரு, ஸ்டீம் டாங்கின்னு பேர். அதுக்கப்புறம் காளை போக முடியாத சரிவுல நின்ன மரத்துக்கும் பாதுகாப்பு இல்லாம போச்சு.

கேள்வி: அமெரிக்காவுல எந்த ஊர் வரலாறு எழுதினாலும் கம்பெனி வந்த நாள்ல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. அதுக்கு முன்னாடி அங்க யாரும் இல்லையா?
(வாசகி, கோவை)

இருந்தாங்க. நான் போன இதழ்ல அதை எழுதாம விட்டது தப்பு. ஈல் ஆத்தோட கீழ்ப் பகுதியிலயும் ஹம்போல்ட் வளைகுடாவை ஒட்டியும் வியோட் மக்கள், ஆத்தோட மேல்பக்கம் அத்தபாஸ்கன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பல குழுக்கள். சால்மன் மீனும் ரெட்வுட் பலகையும் அவங்க வாழ்க்கை. மரம் விழுந்தா பிளந்து வீடும் படகும் செய்வாங்க, காட்டை மொட்டையடிக்கல. 1860 பிப்ரவரி 26 அன்னைக்கு, யுரேகாவுக்கு எதிர்ல இருக்கற துலுவாட் தீவுல, சடங்குக்காக கூடியிருந்த வியோட் பெண்கள், குழந்தைங்க, வயசானவங்களை வெள்ளைக் குடியேறிங்க வெட்டிக் கொன்னாங்க. அது நடந்து மூணு வருஷத்துல தான் பசிபிக் லம்பர் ஆரம்பிக்குது. 'காலி நிலம்' எப்படி காலி ஆச்சுன்னு இதுல இருந்தே தெரியும். 2019ல யுரேகா நகரசபை அந்தத் தீவுல தன்கிட்ட இருந்த நிலத்தை வியோட் மக்களுக்கே திருப்பிக் குடுத்துச்சு.

கேள்வி: ஒரே முதலாளி கையில வீடும் வேலையும் இருந்தா அது அடிமைத்தனம் இல்லையா? நீங்க ஏதோ பொற்காலம் மாதிரி எழுதியிருந்தீங்க.
(தொழிற்சங்கத்துல இருக்கும் வாசகர், சென்னை)

தோழர், உங்க கோபம் நியாயம்தான். நிறைய கம்பெனி ஊர் அப்படித்தான் இருந்துச்சு, சம்பளத்தை கம்பெனி கடையிலயே பிடுங்கிக்கற ஊருங்க. ஸ்கோஷியாவுலயும் முதலாளியை எதிர்த்துப் பேசறவனுக்கு வீடும் சேர்ந்து போயிடுமேன்னு ஒரு பயம் எப்பவும் இருந்திருக்கும், அதை நான் மறைக்கல. ஆனா அந்த ஊர்க்காரங்க சொல்லி வச்சிருக்கறது எல்லாத்தையும் படிச்சா அந்தப் பயம் மட்டும் இல்ல. வாடகை ரொம்பக் கம்மி, வீடு கிடைக்க வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னிருக்காங்க, பிள்ளைங்க காலேஜ் போக கம்பெனி ஸ்காலர்ஷிப் குடுத்திருக்கு, அப்பாவும் பிள்ளையும் பேரனும் அதே மில்லுல வேலை பார்த்திருக்காங்க. வேற ஊர்ல மர மார்க்கெட் விழுந்தா மொத வேலையா ஆளைக் குறைப்பாங்க, இங்க கூடுமான வரை அதைத் தவிர்த்தாங்க.

அதுக்குக் காரணம் காட்டுக்குள்ள இருக்கு. டெட்ராய்ட்ல இருந்து வந்த மர்ஃபி குடும்பம் தலைமுறை தலைமுறையா கம்பெனியை நடத்துச்சு. 1930கள்ல ஸ்டான்வுட் மர்ஃபி தலைவரா இருக்கறப்போ ஒரு முடிவு எடுத்தாங்க, மலையை மொட்டையடிக்கறது இல்ல, பொறுக்கி வெட்டறது, பெரிய மரத்துல ஒரு பங்கை நிக்க விடறது, காடு எவ்வளவு வளருதோ அந்தக் கணக்குக்குள்ள வெட்டறது. சுத்தி இருந்த மத்த கம்பெனிங்க எல்லாம் அள்ளிட்டு இருந்த காலம் அது. அதனாலதான் ஐம்பது வருஷம் கழிச்சு மத்தவங்ககிட்ட மரமே மிச்சம் இல்லாதப்போ, தனியார் கையில இருந்த பழமையான ரெட்வுட் காட்டுல பெரும்பகுதி இவங்ககிட்ட நின்னுச்சு. அதோட, இன்னைக்கு 101ல போறவங்க எல்லாம் காரை நிறுத்தி அண்ணாந்து பார்க்கற ஹம்போல்ட் ரெட்வுட் பூங்காவுல ராக்ஃபெல்லர் காடுன்னு சொல்ற பகுதி கூட, ரெட்வுட்டைக் காப்பாத்த 1918ல ஆரம்பிச்ச சங்கம் பணம் திரட்டி இந்தக் கம்பெனிகிட்ட இருந்து வாங்கினதுதான். சும்மா குடுக்கல, வித்தாங்க. ஆனா விக்கற வரைக்கும் அது நின்னுச்சு.

எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. அந்த ஊரோட நிம்மதி முதலாளியோட நல்ல மனசுல இருந்து மட்டும் வரல, மெதுவா வெட்டினதுல இருந்து வந்துச்சு. நிக்கற மரம்தான் அந்த ஊரோட சேமிப்பு.

கேள்வி: அண்ணா, அவ்வளவு நல்லா ஓடின கம்பெனி எப்படி திவாலாச்சு? மரம் தீர்ந்துடுச்சா, இல்ல சுற்றுச்சூழல்காரங்க கேஸ் போட்டு மூட வச்சாங்களா?
(வாசகர், ஃப்ரீமாண்ட்)

அதிகமா வந்த கேள்வி இதுதான் தம்பி, கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

மெதுவா வெட்டற கம்பெனிக்கு ஒரு ஆபத்து இருக்கு. நிக்கற மரத்தோட மதிப்பு ஷேர் விலையில முழுசா தெரியாது. 1980கள்ல கம்பெனிகிட்ட கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் ஏக்கர் காடு, கடன்னு சொல்ற மாதிரி பெருசா ஒண்ணும் இல்ல, பென்ஷன் நிதியில தேவைக்கு மேலயே பணம். ஷேர் பாதிக்கு மேல பொதுமக்கள் கையில. வெளிய இருந்து கணக்குப் பார்க்கறவனுக்கு இது எப்படித் தெரியும்? பூட்டாத வீட்டுல நகை இருக்கற மாதிரி.

1985 அக்டோபர்ல ஹூஸ்டன்ல இருந்த சார்லஸ் ஹர்விட்ஸோட மேக்ஸாம் கம்பெனி ஷேரை எல்லாம் வாங்கிக்கறேன்னு கிளம்புச்சு. ஸ்கோஷியாவுல இருந்தவங்களுக்கு அந்தப் பேரே தெரியாது. சுமார் 80 கோடி டாலருக்கு மேல, அதுல பெரும்பங்கு கடன், ஜங்க் பாண்டுன்னு சொல்ற அதிக வட்டிப் பத்திரம், அதை ஏற்பாடு பண்ணினது, ஜங்க் பாண்டு வியாபாரத்துல பேர் போன மைக்கேல் மில்கன் இருந்த ட்ரெக்ஸல்ங்கற முதலீட்டு நிறுவனம். 1986 ஆரம்பத்துல கை மாறிடுச்சு. புது முதலாளி தொழிலாளிங்க முன்னாடி பேசறப்போ, பொன்விதின்னு ஒண்ணு இருக்கு, யார்கிட்ட பொன் இருக்கோ அவங்கதான் விதி போடுவாங்கன்னு சொன்னதா அப்பவே பத்திரிகைகள்ல வந்துச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. வாங்கின கடன் யார் தலையில? ஹர்விட்ஸ் தலையில இல்ல, வாங்கப்பட்ட கம்பெனி தலையில. அந்த வட்டியை யார் கட்டறது? மரம்தான் கட்டணும். மரம் வட்டி வேகத்துல வளருமா? வளராது. அப்ப வேகமா வெட்டணும். வெட்டு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு, பொறுக்கி வெட்டற பழக்கம் போச்சு, மலைச்சரிவெல்லாம் மொட்டையடிக்க ஆரம்பிச்சாங்க. பென்ஷன் நிதியைக் கலைச்சு, உபரியா இருந்த 5 கோடி டாலருக்கு மேல எடுத்துக்கிட்டாங்க, தொழிலாளிங்க பென்ஷனுக்கு எக்ஸிக்யூட்டிவ் லைஃப்னு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில பாலிசி வாங்கினாங்க, அந்த இன்சூரன்ஸ் கம்பெனியே அதே மாதிரி ஜங்க் பாண்டை நம்பி 1991ல கவுந்துடுச்சு. மில்லுல முப்பது வருஷம் நின்ன ஒரு ஆளோட வீட்டுல அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும்னு நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு கலங்குது.

சொன்னா நம்ப மாட்டீங்க, மொதல் சில வருஷம் ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஓவர்டைம், புது ஆள் எடுப்பு, கை நிறைய சம்பளம். அவங்களைக் குறை சொல்ல முடியாது, வேலை இருக்கறப்போ யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா. ஆனா அது காடு குடுத்த வட்டியில இருந்து வந்த சம்பளம் இல்ல, அசல்லயே கை வச்ச சம்பளம். பன்னெண்டு வருஷம் அந்த வேகத்துல வெட்டினதுக்கப்புறம், 1998ல காட்டை ஒரு துணைக் கம்பெனி பேருக்கு மாத்தி, அதை அடமானமா வச்சு மறுபடியும் 80 கோடி டாலருக்கு மேல பாண்டு போட்டாங்க. அதாவது காடு குறைஞ்சுது, கடன் அப்படியே நின்னுச்சு.

சுற்றுச்சூழல் கேஸ் நிறைய வந்துச்சு, உண்மை. பழைய காட்டு மரத்துல கூடு கட்டற புள்ளி ஆந்தையும் மர்ரலெட் கடல்பறவையும் பாதுகாப்புப் பட்டியல்ல ஏறினது 1990, 1992ல, அதனால சில இடத்துல வெட்ட முடியாம போச்சு. ஆனா மூடினது அதனாலன்னு நான் சொல்ல மாட்டேன். பழைய வேகத்துலயே வெட்டியிருந்தா, பழைய கம்பெனி மாதிரி கடன் இல்லாம இருந்திருந்தா, அந்தக் கட்டுப்பாட்டையும் தாங்கியிருக்கும். 2007 ஜனவரியில கம்பெனி டெக்ஸாஸ்ல போய் திவால் மனு போட்டுச்சு, அப்பவும் பாண்டு பாக்கி 70 கோடி டாலருக்கு மேல. 144 வருஷக் கம்பெனி, கடைசி இருபத்தோரு வருஷத்துல முடிஞ்சுது.

கேள்வி: ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் மரத்து மேல உட்கார்ந்திருந்துச்சாமே, அது இந்த ஊரா?
(பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்)

இந்த ஊருக்குத் தெற்கால பக்கத்துலயே, ஸ்டாஃபோர்டுங்கற குட்டி ஊருக்கு மேல இருக்கற மலை. அந்தக் கதைக்கு முன்கதை ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. 1996 முடிஞ்சு 1997 பொறக்கற சமயம், அடை மழை, மொட்டையடிச்ச சரிவுல இருந்து மண்ணும் கட்டையும் சேறும் சரிஞ்சு வந்து ஸ்டாஃபோர்டுல ஏழு வீட்டை அழிச்சுடுச்சு. அதே மலை முகட்டுல, ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசான ஒரு ரெட்வுட்டை வெட்ட குறி போட்டிருந்தாங்க. லூனான்னு பேர் வச்ச அந்த மரத்துல 1997 டிசம்பர் 10ல ஜூலியா பட்டர்ஃப்ளை ஹில் ஏறினாங்க, அப்ப அவங்களுக்கு 23 வயசு. தரையில இருந்து 180 அடி உயரத்துல சின்னப் பலகைத் தட்டு, மேல ஒரு தார்ப்பாய். இறங்கினது 1999 டிசம்பர் 18. 738 நாள். 50,000 டாலர் குடுத்து, அந்த மரமும் சுத்தி ஒரு வளையமும் வெட்டப்படாதுன்னு கம்பெனிகிட்ட ஒப்பந்தம் வாங்கினதுக்கப்புறம் தான் கால் தரையில பட்டுச்சு. அடுத்த வருஷமே யாரோ ராத்திரியோட ராத்திரியா வந்து செயின் ரம்பத்தால மரத்தை ஆழமா அறுத்துட்டாங்க. இரும்புப் பட்டையும் கம்பியும் போட்டு கட்டினாங்க, மரம் பிழைச்சுக்கிச்சு.

நீ சின்னப் பொண்ணு, இதையும் தெரிஞ்சுக்கம்மா. அந்த மரத்துக்குக் கீழ நின்னு அவங்களைத் திட்டின மரம்வெட்டிங்க வில்லன் இல்ல. அவங்க வீட்டுக்கும் காட்டைக் காப்பாத்தறவங்க கூட்டத்துக்கும் நடுவுல நடந்த சண்டையில, ரெண்டு பக்கமும் எதை இழந்துட்டு இருந்தாங்களோ அது ஒண்ணேதான், அந்தக் காடு. இதை அப்பவே சொன்னவங்க இருந்தாங்க. ஜூடி பாரின்னு ஒருத்தர், தச்சு வேலை செஞ்சவங்க, மரம்வெட்டியும் போராட்டக்காரரும் ஒரே பக்கம் நிக்கணும்னு பேசிட்டு இருந்தாங்க, 1990 மே மாசம் ஓக்லாண்டுல அவங்க கார்ல குண்டு வெடிச்சுது. உயிர் பிழைச்சாங்க. வச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. 1999 மார்ச்ல மத்திய அரசும் கலிஃபோர்னியா அரசும் சேர்ந்து 38 கோடி டாலர் குடுத்து ஹெட்வாட்டர்ஸ்ங்கற காட்டுல 7,472 ஏக்கரை வாங்கிப் பாதுகாப்பா வச்சாங்க, அதுதான் அந்தச் சண்டையோட பெரிய பலன்.

கேள்வி: இப்ப அந்த ஊர் யாருக்கு சொந்தம்? வெளியாள் வீடு வாங்க முடியுமா?
(வாசகர், சாக்ரமெண்டோ)

2008ல கோர்ட் தீர்ப்புப்படி ரெண்டாப் பிரிஞ்சுது. காடும் மில்லும் ஹம்போல்ட் ரெட்வுட் கம்பெனிக்கு. கேப் துணிக்கடையை நடத்தின ஃபிஷர் குடும்பம்தான் பின்னாடி இருக்கு, பழமையான மரத்தை வெட்ட மாட்டோம்னு கொள்கை வச்சு நடத்தறாங்க. ஊர் மட்டும் தனியா கடன் குடுத்தவங்க கைக்குப் போச்சு, நியூயார்க்ல இருந்த ஒரு முதலீட்டு நிறுவனம். மரம் அறுக்கறவங்க ஊரு, மரத்தோட சம்பந்தமே இல்லாதவங்ககிட்ட. அவங்களுக்கு ஊர் வேண்டாம், வித்துட்டுப் போகணும்.

ஆனா விக்கறது லேசு இல்ல. ஏன்னா அப்ப ஸ்கோஷியாவுல வேலி உண்டு, எல்லைக்கல் கிடையாது. எல்லா வீடும் ஒரே பட்டா. ஒவ்வொரு வீட்டுக்கும் மனை அளந்து, தனித்தனி பத்திரம் போட்டு, கம்பெனி காலத்துக் குழாயும் சாக்கடையும் இன்னைய சட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி, அதை எல்லாம் பார்த்துக்க ஒரு உள்ளாட்சி அமைப்பும் வேணும். 2014ல ஸ்கோஷியா சமூக சேவை மாவட்டம்னு அதை உருவாக்கினாங்க. அந்த ஊர் ஜனம் ஓட்டுப் போட்டு தங்களோட ஊர் நிர்வாகத்தை தேர்ந்தெடுக்கற மாதிரி வந்தது அப்பதான். அதுக்கப்புறம் வீடுகளை கட்டம் கட்டமா வித்துட்டு வர்றாங்க, ஏற்கனவே வாடகைக்கு இருந்தவங்களுக்கு முதல் வாய்ப்பு. வெளியாளும் வாங்கியிருக்காங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சுக்கோங்க, பூகம்பப் பகுதி. 1992 ஏப்ரல்ல அடுத்தடுத்து வந்த பூகம்பத்துல ஸ்கோஷியாவோட கடைவீதி வளாகம் தீப்பிடிச்சு எரிஞ்சே போச்சு, 2022 டிசம்பர்லயும் 6.4 அளவுல ஒண்ணு, ஆத்துக்கு எதிர்க்கரையில இருக்கற ரியோ டெல் ஊர்ல நிறைய வீடு அஸ்திவாரத்துல இருந்தே நகர்ந்துடுச்சு.

கேள்வி: வெட்டின ரெட்வுட் மறுபடி வளருமா? இல்ல போனது போனதுதானா?
(ஓய்வு பெற்ற வனத்துறை ஊழியர், தேனி)

ஐயா, உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் கேட்டதுக்கு சொல்றேன். நம்ம தேக்கு மாதிரியே இதுவும் தூர்ல இருந்து துளிர்க்கற இனம். ஊசியிலை மரங்கள்ல இது ரொம்ப அபூர்வம். அடிக்கட்டையைச் சுத்தி கன்னுங்க வட்டமா கிளம்பும், நாளாக நாளாக நடுவுல இருக்கற கட்டை மக்க மக்க, வட்டமா நிக்கற மரங்கள் மட்டும் ஒரு குடும்பம் மாதிரி மிஞ்சும். ஸ்கோஷியாவைச் சுத்தி இப்ப பச்சையா தெரியற மலை பாதி அப்படி வந்ததுதான். காடு இருக்கு. ஆனா வேகமா வளர்ந்த இளமரத்துல வளையம் அகலமா இருக்கும், உள்கட்டை கம்மி, அந்த வைரம் ஏற இன்னும் பல நூறு வருஷம் வேணும்.

கேள்வி: அடுத்த வருஷம் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போறோம். அந்த ஊரைப் பார்க்க முடியுமா? என்ன பார்க்கணும்?
(வாசகி, மதுரை)

கண்டிப்பா போங்கம்மா, பையனை 101ல இருந்து ஸ்கோஷியா எக்ஸிட்ல இறங்கச் சொல்லுங்க, நெடுஞ்சாலையில நேரா போயிட்டா ஊர் வந்ததே தெரியாது. மெயின் ஸ்ட்ரீட்ல மொதல்ல பழைய பேங்க் கட்டிடத்தைப் பாருங்க. 1920 வாக்குல கட்டினது, இப்ப மியூசியம். கிரேக்கக் கோயில் மாதிரி முகப்பு, ஆனா கல் தூணுக்குப் பதிலா ரெட்வுட் தடியையே பட்டையோட நிறுத்தியிருக்காங்க. வருஷம் பூரா திறந்திருக்காது, கோடையில போனா நல்லது, முன்கூட்டி விசாரிச்சுக்கோங்க. வெளிய நின்னு அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். எதிர்ல கொஞ்ச தூரத்துல வினீமா தியேட்டர், அதுவும் ரெட்வுட்லயே இழைச்சது. அப்புறம் வீட்டு வரிசையில சும்மா நடங்க. ஒரே அச்சுல கட்டின மரவீடுங்க, ஆனா வித்ததுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச கலர் அடிக்க ஆரம்பிச்சிருக்காங்க, எந்த வீடு கை மாறியிருக்குன்னு கலரை வச்சே சொல்லிடலாம்.

கடைசியா ஆத்தங்கரைக்கு இறங்குங்க. கோடையில ஈல் ஆறு கூழாங்கல்லுக்கு நடுவுல முழங்கால் அளவுதான் ஓடும், பேரப்பிள்ளைங்க விளையாடலாம். அப்படியே நிமிர்ந்து கரை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க. 1964 டிசம்பர் வெள்ளத்துல இதே இடத்துல தண்ணி 72 அடிக்கு ஏறி, நொடிக்கு 7,52,000 கன அடி போச்சு, மில்லுல அடுக்கி வச்சிருந்த தடியையும் பலகையையும் அள்ளிட்டு கடலுக்கே கொண்டு போயிடுச்சு. மழைக்காலத்துல போறதா இருந்தா கரையில இறங்காதீங்க, பாலத்து மேல நின்னு பார்த்தா போதும்.